ஒன்றரை நிமிடத்துக்கு ஆறு கிழமையா?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் என் தொழிலைப் பற்றி ஒரு வரி எழுதப்போக, அனிமேஷன் விளக்க வீடியோ பற்றியே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். என்னைத் தெரியாதவர்களுக்கு: தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் ஓர் அச்சகத்தில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் கலியாணக் கார்ட் அடித்துத் தொழில் தொடங்கியவள் நான். பிறகு ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளைப் பழகினேன். 2020ஆம் ஆண்டு முடிவோடு அடோபி, அதில் செய்தவற்றை ஓட்டிக் காட்டும் ஃப்ளாஷ் பிளேயரைக் கைவிட்டபோது என் பழைய வேலைகளில் பாதி அதோடு போய்விட்டது. இப்போது வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு மாடி வீட்டில் வேலை. மூன்று பேர், நான்கு கணினி.

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு ஒன்றரை நிமிட விளக்க வீடியோ ஒன்று தேவை. செய்து தர ஆறு கிழமை ஆகும் என்கிறார்கள். ஒன்றரை நிமிடத்துக்கு என்ன ஆறு கிழமை? ஏமாற்றுகிறார்களா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

இல்லை ஐயா, அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒரு விநாடிக்கு 25 படம் என்று வைத்தால் 90 விநாடிக்கு 2,250 படம். இத்தனையையும் இப்போது யாரும் கையால் வரைவதில்லை. கை மேலே நின்ற இடத்தையும் கீழே வந்து நின்ற இடத்தையும் நாங்கள் குறித்துக் கொடுத்தால் நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பிவிடும். அப்படியானால் ஆறு கிழமை எங்கே போகிறது என்று கேட்பீர்கள். என்ன சொல்வது, என்ன சொல்லாமல் விடுவது என்று முடிவெடுப்பதிலேயே கால்வாசி போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் டெங்கு பற்றிய வீடியோ ஒன்று எங்களிடம் வந்தது. தந்தவர்கள் ஏழு பக்க அறிக்கையை மேசையில் வைத்து, “இதில் இருக்கிறது எல்லாம் வரவேணும்” என்றார்கள். தமிழில் நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்கு 90 சொல், மிஞ்சினால் 100. ‘செய்யவேண்டியிருக்கிறது’ என்பது எண்ணிக்கையில் ஒரு சொல்தான். வாயில் அது நான்கு சொல்லின் இடத்தைப் பிடிக்கும். ஒன்றரை நிமிடத்துக்கு 130 சொல்லுக்கு மேல் நான் எழுதுவதில்லை. ஏழு பக்கத்தை அதற்குள் அடைக்க முடியாது.

அதனால் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியையே அவர்களிடமும் கேட்டேன். “இதைப் பார்த்து முடித்தவர் கதிரையை விட்டு எழும்பிப் போய் என்ன செய்யவேணும்?” வந்தவர்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அவர்களோடு வந்திருந்த வைத்தியர் சொன்னார்: “கிழமைக்கு ஒருக்கா வீட்டைச் சுற்றி நடந்து, தண்ணி நிற்கிற சாமான் எல்லாத்தையும் கவிழ்க்கவேணும், உரஞ்சிக் கழுவவேணும்.” ஏன் கிழமைக்கு ஒருக்கா என்றால் முட்டை நுளம்பாகி வெளியே பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் எடுக்கும். ஏன் உரஞ்ச வேண்டும் என்றால் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. அவ்வளவுதான் எங்கள் ஸ்கிரிப்ட். மிச்சம் ஆறேமுக்கால் பக்கத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தோம். இதற்கே ஒன்றரைக் கிழமை.

அடுத்தது ஸ்டோரிபோர்ட். வாக்கியத்துக்கு வாக்கியம் என்ன படம் என்று பென்சிலால் கட்டம் போட்டு வரைவது. 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டூடியோவில் வரைபடங்களை வரிசையாகச் சுவரில் குத்திவைத்துக் கதையைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாங்கள் குத்தி வைப்பது குளிர்சாதனப்பெட்டிக் கதவில், காந்தம் போட்டு. அந்த டெங்கு வேலைக்கு 18 கட்டம். ஆறாவது கட்டத்தில் எங்களோடு வேலை செய்யும் தம்பி வடிவாக ஒரு படம் வரைந்திருந்தான். இரவு, நிலா, நுளம்பு வலை இல்லாத கட்டில், தூங்குகிற பிள்ளை, காதருகே நுளம்பு. எல்லோருக்கும் பிடித்திருந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, “பிள்ளையைப் பகலில் முற்றத்தில் விளையாட விடுங்கோ” என்றார். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் பின்னேரம் பொழுது படுவதற்கு முன்னும்தான் அதற்குச் சுறுசுறுப்பு. காலில் வெள்ளை வளையங்கள் வேறு இருக்க வேண்டும். தம்பி அழிரப்பரை எடுத்தான். பத்து நிமிடம், நிலா போய் வெயில் வந்தது. இதே பிழை அனிமேஷன் முடிந்த பிறகு தெரியவந்திருந்தால் நான்கு நாள் வேலை குப்பைக்கு.

அப்புறம் அனிமேட்டிக். ஸ்டோரிபோர்ட் கட்டங்களை அப்படியே அடுக்கி, ஒரு தற்காலிகக் குரலைக் கீழே போட்டால் ஒன்றரை நிமிடம் ஓடும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனாலும் காசு தருபவர் பார்க்க வேண்டிய முக்கியமான பொருள் இதுதான் என்பேன். நாங்கள் இதை எங்கள் மாடிக் கட்டடத்தின் காவலாளிக்கும் காட்டுவோம், அவருக்கு எங்கள் தொழில் பற்றி ஒரு நல்லெண்ணமும் கிடையாது என்பதால். அன்று பார்த்துவிட்டு, “யோகட் கோப்பை எங்கே?” என்றார். நாங்கள் வரைந்திருந்தது மண்பானையும் கிணற்று வாளியும். கொழும்பில் தண்ணீர் நிற்பது யோகட் கோப்பையில், கூரைப் பீலியில், பழைய டயரில், குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டில். அவர் சொன்னபடியே மாற்றினோம்.

இவ்வளவும் முடியத்தான் நிறம், உருவம், உடுப்பு. ஆளை வரையும்போது முழங்கை, மணிக்கட்டு, கழுத்து எல்லாவற்றையும் தனித்தனித் தாளாகப் பிரித்து வரைய வேண்டும். பொம்மலாட்டப் பொம்மைக்கு மூட்டுப் பூட்டுவது போல. பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அசைவு. பிறகு உண்மையான குரல், ஒலி, இசை. ஐயா, கோபிக்க வேண்டாம்: இந்த ஆறு கிழமையில் இரண்டு கிழமை வேலை உங்கள் மேசையில்தான் கிடக்கும், தலைவர் பார்க்கவில்லை, செயலாளர் ஊரில் இல்லை என்று. ‘சரி’ சொல்லவேண்டிய ஒருவரை முன்கூட்டியே தெரிந்தெடுத்துவிட்டால் ஐந்து கிழமையில் முடியும்.

கேள்வி: எங்கள் நிறுவனம் எப்போதும் ஆங்கிலத்தில் வீடியோ செய்து, பிறகு சிங்களக் குரலும் தமிழ்க் குரலும் சேர்க்கும். தமிழ் மட்டும் எப்போதும் ஓடுகிற மாதிரிக் கேட்கிறது. குரல் கொடுப்பவரை மாற்றினால் சரிவருமா?
– பம்பலப்பிட்டி வாசகி

தங்கச்சி, அந்தக் குரல்காரரைத் திட்டாதீர்கள். 12 விநாடி ஆங்கிலத்துக்கு வெட்டிய படத்தில் 17 விநாடித் தமிழை அடைக்கச் சொன்னால் யாராயிருந்தாலும் ஓடத்தான் வேண்டும். எனக்கும் ஒருமுறை இந்த வேலை வந்தது. பெயர் வேண்டாம். முடிந்த வீடியோவைத் தந்து, நாளை காலை தமிழ் வேண்டும் என்றார்கள். படத்தைக் கொஞ்சம் இழுக்கலாமா என்று கேட்டேன், மூலக் கோப்பு தங்களிடம் இல்லை என்றார்கள். பதிந்து முடித்தபோது கடுகதி ரயில் அறிவிப்பு மாதிரி இருந்தது. இன்றைக்கும் அது எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கும்போது வெட்கமாக இருக்கும்.

நீளம் ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் சொல் வரிசை. ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னுக்கு வரும், தமிழில் கடைசியில் வரும். ‘கழுவுங்கள்’ என்ற செய்தி ஆங்கிலத்தில் முதல் விநாடியிலேயே வந்துவிடும், படத்திலும் கை கழுவப்படும். தமிழ்க் குரல் அப்போதுதான் ‘சாப்பிடுவதற்கு முன்னும் கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும்’ என்று போய்க்கொண்டிருக்கும். ‘கழுவுங்கள்’ என்று அது சொல்லும்போது திரையில் ஆள் துவாயால் கையைத் துடைத்து முடித்திருப்பார். பார்ப்பவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஆனால் மனம் ஒட்டாது. சிங்களத்திலும் வினை கடைசியில்தான். அதனால் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஒரே படவரிசை பெரும்பாலும் பொருந்தும். ஆங்கிலத்தை அச்சாக வைப்பதால்தான் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன.

நாங்கள் செய்வது இது. மூன்று மொழியிலும் ஸ்கிரிப்டைத் தனித்தனியாக எழுதி, மூன்று குரலையும் அசைவு தொடங்கும் முன்னே பதிந்துவிடுவோம். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் நீட்டக்கூடிய ஓர் இடம் வைப்போம்: ஆள் மூச்சு விடுகிறார், மரம் அசைகிறது, தேத்தண்ணியில் ஆவி பறக்கிறது. தமிழுக்கு இரண்டு விநாடி கூட வேண்டுமென்றால் ஆவி இன்னும் கொஞ்சம் பறக்கும். திரையில் வரும் எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரையவே மாட்டோம்; தனி அடுக்கில், ஆங்கிலத்துக்குத் தேவையானதைப் போல ஒன்றரை மடங்கு இடம் விட்டு வைப்போம். தமிழ் 1 நிமிடம் 40 விநாடி, சிங்களம் 1 நிமிடம் 35, ஆங்கிலம் 1 நிமிடம் 25 என்று முடிந்தால் முடியட்டுமே. மூன்றும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்று. மொழிபெயர்ப்பை வெளியூருக்கு அனுப்பிச் செய்வித்தால் எங்கள் நுளம்பு கொசுவாகித் திரும்பி வரும். விளங்காமல் போகாது, ஆனால் கேட்கிற அம்மா ‘இது எங்களுக்குச் சொன்னதில்லை’ என்று நினைத்துவிடுவார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு எல்லோருக்கும் ஒரே வீடியோ என்றால் எழுத்துத் தமிழின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் கதைக்கிற தொனியில் சொல்வது என் வழக்கம். செய்தி வாசிக்கிற குரல் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் தமிழ் எழுத்து உடைகிறது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம். பாமினியில் அடித்தால் சரியாக வருகிறது. பாமினியிலேயே செய்யலாமா?
– தெமட்டகொடையிலிருந்து ஒரு மாணவன்

பாமினியில் சோறு தின்றவள் சொல்கிறேன், வேண்டாம் தம்பி. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த எழுத்துரு. திரையில் சரியாகத் தெரியும். அதே வரியை எடுத்து யூடியூபில் சப்டைட்டிலாகப் போட்டால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். தேடலிலும் அகப்படாது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் முறையில் ‘கொ’ என்பது ‘க’ முதலில், ஒகரக் குறி பிறகு என்று சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னாலும் அரவைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. உன் மென்பொருள் அந்த வேலையைச் செய்யவில்லை. விருப்பத்தேர்வுகளில் எழுத்துப் பகுதிக்குப் போனால் தெற்காசிய எழுத்துமுறைக்கான தெரிவு இருக்கும், அதைப் போட்டுப் புதிதாக எழுத்து அடுக்கு ஒன்றைத் தொடங்கு. பழைய பதிப்பு என்றால் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, உருவமாக மாற்றிக் கொண்டுவா. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், அதில் தொடங்கு.

எழுத்து எழுத்தாகத் துள்ளி வரும் ஆயத்த அசைவுகளைத் தமிழுக்குப் போடாதே. ஆங்கிலத்தை நினைத்துச் செய்தவை அவை. புள்ளி முதலில் துள்ளும், எழுத்து பிறகு வரும். சொல் சொல்லாக வரவிடு.

கேள்வி: விளம்பரங்களுக்கும் விளக்க வீடியோக்களுக்கும் குரல் கொடுக்க ஆசை. ஸ்டூடியோவுக்குப் போக வசதி இல்லை. வீட்டிலேயே பதியலாமா?
– வெள்ளவத்தையிலிருந்து ஓர் இல்லத்தரசி

பக்கத்து ஒழுங்கையில் இருந்துகொண்டு கடிதம் போட்டிருக்கிறீர்கள் அக்கா! பதியலாம். என்னுடைய முதல் ‘ஸ்டூடியோ’ உடுப்பு அலுமாரிதான், இப்போதும் அதுதான். சேலைகள் தொங்குகிற அலுமாரியைத் திறந்து அதற்குள் மைக்கை வைத்து, முதுகுப் பக்கம் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி போய்விடும். வெறுஞ் சுவரும் தரை ஓடும் உள்ள அறையில் எவ்வளவு விலையான மைக்கும் கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போலத்தான் கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். இல்லாவிட்டால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் காற்று அடிக்கும்.

எங்கள் பகுதியின் எதிரிகளை உங்களுக்கே தெரியும். கடற்கரை ரயில். காலி வீதி பஸ் ஹோர்ன். பின்னேரத்தில் பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ வாசித்துக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ. பீத்தோவனை நான் மனதார வெறுப்பது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான். ரயில் நேரத்தை அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரவு பத்துக்குப் பிறகு பதிவது நல்லது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், வியர்த்துக் கொட்டும், வேறு வழியில்லை. சொல் பிழைத்தால் நிறுத்தாமல் ஒரு கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். பிறகு வெட்டும்போது கைதட்டல் ஒலிக்கோட்டில் கூர்மையாகத் தெரியும், தேடவே தேவையில்லை. முடிந்ததும் அரை நிமிடம் சும்மா இருந்து அறையின் மௌனத்தையும் பதிந்து அனுப்புங்கள். வெட்டிய இடங்களில் அதை நிரப்புவோம்.

கேள்வி: பழைய சினிமாப் பாட்டின் இசையைப் பத்து விநாடிக்குள் பாவித்தால் பிரச்சினை இல்லையாமே?
– மட்டக்குளி வாசகர்

யாரோ கிளப்பிவிட்ட கதை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பத்து விநாடி இலவசம் என்று அதில் எங்கும் இல்லை. யூடியூபின் தானியங்கிக் கண்காணிப்பும் சில விநாடிகளிலேயே பாட்டைக் கண்டுபிடித்துவிடும். யூடியூபின் சொந்த இசைச் சேமிப்பில் இலவசமாக எடுக்கலாம், நிபந்தனையை மட்டும் வாசித்துவிட்டு எடுங்கள். அல்லது தெரிந்த மிருதங்கக்காரப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். கேட்கவும் நன்றாக இருக்கும்.

கேள்வி: இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு செய்துவிடுமே. உங்கள் தொழில் என்னாகும்?
– தெஹிவளை வாசகர்

தெரிந்துதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறீர்கள். அனிமேட்டிக்குக்கு இப்போது இயந்திரக் குரல்தான் போடுகிறேன், என் தொண்டைக்கு மிச்சம். அதே டெங்கு நுளம்பை வரையச் சொல்லியும் பார்த்தேன். மூன்று தடவை கேட்டேன். ஒன்றில் எட்டுக் கால், இரண்டில் காலில் வளையம் இல்லை. படம் மட்டும் எங்கள் தம்பி வரைந்ததைவிடப் பளபளப்பு. வைத்தியரும் காவலாளியும் இருக்கும்வரை எனக்கு வேலை இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் ஹட்டன். கணினி இல்லை, ஒரு போன் மட்டும்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விளக்க வீடியோ செய்ய முடியுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

முடியும். இந்த ‘எளிய விளக்க வீடியோ’ மோகத்தைப் பெரிதாகத் தொடக்கிவைத்த அமெரிக்கத் தம்பதியின் நிறுவனம் கொமன் கிராஃப்ட். 2007இல் அவர்கள் வெளியிட்டவை கடதாசியில் வெட்டிய உருவங்கள், வெள்ளைப் பலகை, மேலிருந்து பார்க்கும் கமெரா, அவற்றை நகர்த்தும் இரண்டு கை. அவ்வளவுதான். என்றைக்காவது கணினி வாங்கினால் படத்துக்கு பிளெண்டர், ஓப்பன் டூன்ஸ், கிரிட்டா, ஒலிக்கு ஓடாசிட்டி, எல்லாமே இலவசம். இப்போது போன் போதும்.

இரண்டு உயரமான மா டின்னுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தட்டையோ பலகையையோ வைத்து, பலகை மறைக்காமல் போனின் கமெரா கீழே பார்க்கும்படி படுக்கவையுங்கள். கீழே வெள்ளைக் கடதாசி. உருவங்களை மட்டையில் வெட்டுங்கள். நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்துச் சேர்க்க இலவசச் செயலிகள் இருக்கின்றன. விநாடிக்கு 12 படம் போதும். கையால் வரைந்த படங்களிலும் ஒரு படத்தை இரண்டு தடவை காட்டி அப்படித்தான் 24 ஆக்கினார்கள். முதலில் பத்து விநாடி, 120 படம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சத்துக்கு யன்னலை நம்பாதீர்கள், மேகம் போகப்போகப் படம் மினுங்கும். யன்னலை மூடி ஒரே மேசை விளக்கில் எடுங்கள். அலுமாரிக்குள் நான் செய்வதைப் போல நீங்களும் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நூறாவது படத்தில் உங்கள் கடதாசி மனிதர் கட்டிலுக்கு அடியில் இருப்பார்.